நெஞ்சு மண்ணில் பட: தை மாதத்து மன்னார்

கமரா வைத்திருக்கும் கொழும்புத் தமிழர் யாரைக் கண்டாலும் நான் சொல்லி அலுக்காத சேதி ஒன்று உண்டு. தை, மாசியில் மன்னாருக்குப் போங்கள். யால அழகுதான், நுவரெலியா அழகுதான், சிங்கராஜவை யாராலும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் வயிறு மண்ணில் படக் கிடந்தபடி, முன்னால் ஊதாப் பூவும் பின்னால் வடதுருவப் பக்கமிருந்து வந்த பறவையுமாக ஒரே சட்டத்துக்குள் படம் எடுக்க வேண்டுமென்றால், இந்தத் தீவில் மன்னாரை மிஞ்ச இன்னோர் இடம் இல்லை. வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டில் இருந்துகொண்டு இதை முழு மனத்தோடு எழுதுகிறேன்.

இலங்கையில் மெய்யான பாலைவனம் கிடையாது. ஈர வலயம், உலர் வலயம் என்று பாடசாலையில் படித்தோமே, அந்த உலர் வலயத்துக்குள்ளும் மிகவும் காய்ந்த துண்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று தென்கிழக்கில் அம்பாந்தோட்டைப் பக்கம். மற்றது வடமேற்கில் மன்னார். பாலைக்கு நம் தீவு மிக நெருங்கி வருவது இங்கேதான். குடைபிடித்த மாதிரி மேலே தட்டையாக விரிந்த உடை மரங்கள், பனை, முட்பற்றை, உப்புப் பூத்த வெளி, கடலோரம் மணல் மேடு. மழை என்று ஒன்று வந்தால் அது பெரும்பாலும் ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் வந்து கொட்டிவிட்டுப் போய்விடும். மற்ற மாதங்களில் வெயிலும் காற்றும்தான் அங்கே ஆட்சி.

ஆகவே அங்குள்ள செடிகளுக்கு அவசரம். மழை ஈரம் மண்ணில் நிற்கும் அந்தச் சில கிழமைகளுக்குள் முளைத்து, பூத்து, காய்த்து, விதையும் சிந்திவிட வேண்டும். அதே கிழமைகளில்தான் சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் புறப்பட்ட பறவைகள் இங்கே நிறைந்திருக்கின்றன. மத்திய ஆசியப் பறவைப் பாதை என்று விஞ்ஞானிகள் சொல்லும் வான்வழியின் தென்முனையில் இருக்கிறது இலங்கை. இதற்கும் தெற்கே அந்தாட்டிக்கா வரைக்கும் வெறும் கடல். வந்த பறவைக்கு அப்பால் போக இடமில்லை, பூத்த செடிக்குக் காத்திருக்க நேரமில்லை. இரண்டும் ஒரே மண்ணில் சந்திக்கும் வேளை தை மாதம். இது எவ்வளவு பெரிய கொடை என்று நினைக்க நினைக்க எனக்கு மனம் பொங்குகிறது!

படம் எடுப்பது நான். வீடியோ எடுப்பது என் தம்பியின் மகன். வாகனத்தின் யன்னலுக்குள்ளிருந்தே எடுக்கும் படங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, நிலத்தில் படுத்துக்கொண்டு எடு என்று முதலில் சொன்னவன் அவன்தான். "மாமி, பறவையின்ர கண்ணுக்கு நேரா உங்கட லென்ஸ் இருக்கோணும். நீங்கள் நிண்டுகொண்டு எடுத்தா அது உங்களுக்குக் கீழ இருக்கிற ஒரு பொருள். படுத்துப் பாருங்கோ, அது ஒரு ஆள்." இன்றைக்கு வரை இதைவிட நல்ல பாடம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மன்னார் நிலம் தட்டையானது, பற்றைகள் குட்டையானவை, பூக்கள் அனேகமாகக் கணுக்கால் உயரத்துக்குள். படுக்கிறவருக்கென்றே அமைந்த மண் அது.

கொழும்பிலிருந்து மன்னார் 300 கிலோமீற்றருக்குச் சற்று மேல். கோட்டையிலிருந்து தலைமன்னாருக்கு ரயில் போகிறது. போர்க்காலத்தில் அழிந்துபோன அந்தப் பாதை, மடு வீதியிலிருந்து தலைமன்னார் வரை 2015 மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டது. மதவாச்சியில் வடமேற்குப் பக்கம் திரும்பிய பிறகு யன்னலை விட்டு அகலாதீர்கள். முருங்கன் வயல்கள், குளக்கரையில் கூழைக்கடாக்கள், மின்கம்பியில் பனங்காடை, பிறகு மெல்ல மெல்ல மரங்கள் குட்டையாகி, மண் வெளுத்து, வானம் அகலமாகும். அந்த மாற்றத்தைப் பார்த்துக்கொண்டு போவதே ஒரு தனிச் சுகம்.

தள்ளாடியைத் தாண்டினால் பெருநிலத்தையும் மன்னார்த் தீவையும் இணைக்கும் தாம்போதி. அதற்குத் தெற்கே விரிந்து கிடப்பது வங்காலைச் சரணாலயம். 2008 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2010 இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பிடித்தது. 4,839 ஹெக்டயர். உப்புச் சதுப்பு, கண்டல், மணல், ஆழமில்லாத கடல் நீர் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடக்கும் பரப்பு அது. விடியற்காலையில் பெருநிலப் பக்கத்துக் கரையில் இருந்தால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், பறவைகள் உங்கள் முன்னால். இதைவிட என்ன வேண்டும்?

நாங்கள் இறங்கப் பார்த்த இடத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த ஓர் ஐயா தூரத்திலிருந்தே கைகாட்டி மறித்தார். "தங்கச்சி, உதால இறங்காதேங்கோ, உது புதைசேறு. இஞ்சால கட்டை நட்டுக் கிடக்கிற பக்கமா வாங்கோ, கால் தாழாது." பிறகு எந்தப் பக்கம் தண்ணீர் வற்றும், எந்தப் பக்கம் பறவை நகரும் என்று கையால் காற்றில் படமே வரைந்து காட்டினார். அந்தக் கடலை அவரைவிட யாருக்குத் தெரியும்? மன்னாரில் எங்கே போனாலும் முதலில் கடற்றொழில் செய்கிறவர்களிடம் கேளுங்கள்.

பூநாரைகள்! அவற்றைப் பற்றி நிதானமாக எழுத என்னால் முடியாது. முதலில் கண்ணுக்குத் தெரிவது நீரின் விளிம்பில் ஒரு வெளிர்ச் சிவப்புக் கோடு. விடிய விடிய அந்தக் கோடு கழுத்துகளாகவும் கால்களாகவும் பிரியும். ஆளுயரத்தை எட்டும் பறவைகள், நூற்றுக்கணக்கில், சிலவேளை ஆயிரக்கணக்கில். சத்தமோ தாராக் கூட்டத்தின் சத்தத்துக்குக் கிட்டியது, ஓயாத ஒரு முணுமுணுப்பு. மருமகன் சிறிய ஒலிப்பதிவுக் கருவி ஒன்றுக்கு ரோமத் தொப்பி போட்டு, காற்றுப் படாமல் ஓர் உமரிப் பற்றைக்குள் முன்கூட்டியே வைத்துவிடுவான். தையில் வாடைக்காற்று விடாமல் வீசும். அந்தத் தொப்பி இல்லாவிட்டால் பதிவில் காற்று மட்டும்தான் மிஞ்சும்.

பூநாரை இரை தேடுவதை நீங்கள் அருகில் பார்க்க வேண்டும். நின்ற இடத்திலேயே மெல்ல வட்டம் சுற்றியபடி இரண்டு காலாலும் சேற்றை மிதித்து மிதித்துக் கலக்கும். பிறகு கழுத்தை இறக்கி, அலகைத் தலைகீழாகத் திருப்பி நீருக்குள் வைக்கும். நாக்கு உள்ளே பம்பி மாதிரி இயங்கி நீரை உறிஞ்சும், தள்ளும். அலகின் ஓரத்து மெல்லிய தகடுகளில் சின்னஞ்சிறு இறால்களும் பாசியும் தங்கிவிடும். வெறுங்கண்ணுக்கு இது ஒரு சின்ன நடுக்கமாகத்தான் தெரியும். நொடிக்கு 120 பிரேம் வைத்து எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தபோதோ, அலகின் ஓரமாக நீர் பிதுங்கிப் பிதுங்கித் தெறிப்பது துளித்துளியாகத் தெரிந்தது. வெயில் பட்டு ஒவ்வொரு துளியும் மினுங்கியது. நாங்கள் இருவரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்து வாயடைத்துப்போய் நின்றோம். அந்த இறாலிலும் பாசியிலும் உள்ள கரொட்டினாய்டு நிறமிதான் இறகுக்கு ஏறிச் சிவப்பாகிறது. அதனால் முதிராத இளசுகள் இன்னும் சாம்பல் நிறத்தில் கூட்டத்துக்குள் நிற்கும். அவற்றையும் சட்டத்துக்குள் சேர்த்து எடுங்கள், நிறத்தின் கதை முழுவதும் ஒரே படத்தில் வந்துவிடும்.

எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிச்சத்தை ஒரு படி குறைத்து வையுங்கள். வெயில் ஏறினால் அந்த மெல்லிய ரோசா நிறம் வெள்ளையாக வெளிறிப்போய்விடும், பிறகு எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. அவை எழும்பும்போதுதான் சிறகின் அடியில் ஒளிந்திருக்கும் கருஞ்சிவப்பும் கறுப்பும் வெளிப்படும். அதற்காக அவற்றை விரட்டுவது பாவம். பெருந்தொலைவு பறந்து வந்து உடம்பில் கொழுப்புச் சேர்த்துக்கொண்டிருக்கும் பறவை அது. நீர் மட்டம் மாறினாலோ மேலே பருந்து வந்தாலோ தானாகவே எழும்பும். காத்திருங்கள், கட்டாயம் கிடைக்கும்.

ஒரு காலத்தில் பூநாரை என்றாலே கொழும்பார் எல்லாரும் அம்பாந்தோட்டைப் பக்கத்துப் பூந்தலைக்குத்தான் போவார்கள். 1990 இல் இலங்கையின் முதல் ராம்சார் தலமானது அது. வயல்களுக்குப் பாய்ச்சிய நன்னீர் வடிந்து வந்து அங்குள்ள களப்புகளில் கலந்து உப்புக் குறைய, பூநாரைக்கு வேண்டிய இரையும் குறைந்தது, பறவைகளும் அருகிவிட்டன. உப்பு நீரின் கணக்கு அவ்வளவு நுட்பமானது. அதனால்தான் வங்காலையின் உப்புவெளியை வெறும் தரிசு என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்காது. பாக்கு நீரிணையின் மறுகரையிலும் இந்த அருமையை உணர்ந்திருக்கிறார்கள். 2025 ஜூனில் தமிழ்நாடு அரசு தனுஷ்கோடியில் பூநாரைச் சரணாலயம் அறிவித்த செய்தியைப் படித்த அன்று, எனக்கு எங்கள் வீட்டில் நல்ல காரியம் நடந்த சந்தோசம்.

காலை எட்டரைக்கு மேல் நீண்ட லென்ஸை உறைக்குள் போட்டுவிடலாம். உப்புவெளி சூடேறிக் கானல் எழும்பும். 600 மில்லிமீற்றர் லென்ஸுக்குள் பார்த்தால் பறவையின் கால்கள் நெளியும், விளிம்பு எதுவும் கூராக வராது. எவ்வளவு விலையுயர்ந்த கமராவும் இதற்கு ஒன்றும் செய்யாது. ஆனால் மன்னாரின் அருமையே அங்கேதான் இருக்கிறது. பறவைக்கு நேரம் முடிகிறபோது பூவுக்கு நேரம் தொடங்குகிறது. அரை முழத் தூரத்தில் இருக்கும் பூவைக் கானல் என்ன செய்யும்?

திருக்கேதீச்சரப் பக்கத்து வீதியோரங்களில் ஆவாரை. தேத்தண்ணிக்குக் காயவைத்து எடுக்கும் அதே ஆவாரைதான். இதழின் மஞ்சள் நிறத்தை எல்லாரும் பார்த்திருப்போம், நடுவில் உள்ளதை எத்தனை பேர் பார்த்தோம்? மக்ரோ லென்ஸை நெருக்கிப் பிடித்தால் மகரந்தப் பைகள் நீளம் நீளமாக, சற்று வளைந்து, நுனியில் ஒரு சின்னத் துளையோடு நிற்கின்றன. மகரந்தம் வெளியே கொட்டிக் கிடக்காது. உள்ளே பூட்டிக் கிடக்கும். அந்தப் பூட்டைத் திறக்கத் தெரிந்தது கருவண்டு. வந்து இறங்கி, மகரந்தப் பைகளைக் காலால் அணைத்துப் பிடித்து, சிறகை அசைக்காமல் நெஞ்சுத் தசையை மட்டும் அதிரவிடும். அந்த அதிர்வில் துளை வழியே மகரந்தம் பீறிட்டு வந்து அதன் வயிற்றில் ஒட்டும்.

இதைக் காதாலும் கேட்கலாம், அதுதான் அற்புதம்! பறக்கும்போது வண்டின் ரீங்காரம் தாழ்ந்த சுருதி. பூவில் இறங்கி அதிரத் தொடங்கியதும் தம்புராவை முறுக்கியது போல் சுருதி சட்டென்று மேலே ஏறும். பிறகு விட்டுப் பறக்கையில் மறுபடி இறங்கும். மருமகன் ஒலிவாங்கியைக் கிளைக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு, மூச்சைக் கூட அடக்கிக்கொண்டு, ஒரு முழுப் பற்றையையும் இப்படிக் கேட்டுப் பதிவு செய்தான். ஏறுவதும் இறங்குவதும், ஏறுவதும் இறங்குவதும். வெள்ளவத்தையில் காலி வீதிப் பஸ் சத்தத்துக்கு நடுவே காதில் ஹெட்போன் மாட்டி அந்தப் பதிவை எத்தனை தரம் கேட்டிருப்பேனோ! ஆவாரை இனி எனக்கு மஞ்சள் நிறம் மட்டுமல்ல, ஒரு ராகமும் கூட.

ஆவாரையோடு நின்றுவிடாதீர்கள். மணலில் குனிந்து பாருங்கள். விஷ்ணுகிராந்தி என்று ஒரு நீலப்பூ, சட்டைப் பொத்தானில் பாதிகூட இல்லாத அளவு, கூர்ந்து பாராவிட்டால் மிதித்துவிடுவீர்கள். அதை முழுச் சட்டத்துக்குப் பெருப்பித்தால் வானத்தில் ஒரு துண்டை வெட்டி வைத்த நீலம். நெருஞ்சியின் ஐந்திதழ் மஞ்சள். எருக்கலையின் மெழுகு பூசிய ஊதாவும் அதன் நடுவில் நிற்கும் கிரீடமும். தும்பை. இராவணன் மீசைப் புல்லின் உருண்டைக் கதிர்கள் காற்றில் அறுபட்டு மணலில் உருண்டோடும்போது, அவற்றைத் துரத்திக்கொண்டு வீடியோ எடுப்பது ஒரு சின்னத் திருவிழா. மழை நிற்பதற்கு முன், கார்த்திகையிலேயே போக வாய்ப்பவர்களுக்கு வேலிகளில் கார்த்திகைப்பூவும் உண்டு. பச்சையாகத் திறந்து, மஞ்சளாகி, சிவப்பாகி, ஒரே கொடியில் எல்லா நிறமும் நிற்கும். இதழ்கள் மேல்நோக்கி மடிந்திருக்க, சூல்தண்டு மட்டும் அடியில் நேர்கோணமாக முறிந்து ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு நிற்பதைப் பக்கவாட்டிலிருந்து எடுங்கள். அந்த வடிவத்தை வரைந்தவன் எவன் என்று கேட்கத் தோன்றும்.

உச்சி வெயிலில் பூவை எடுக்க நாங்கள் கொண்டுபோவது ஒரு வெள்ளை வேட்டித் துண்டு. இரண்டு தடியில் பிடித்தால் அந்த நெருப்பு வெளிச்சம் பாலாய் இளகிப் பூவின் மேல் விழும். கமராவைத் தாங்க ஒரு பழைய தலையணை உறை. போகும்போது வெறும் துணி, இடத்துக்குப் போனதும் அள்ளி நிரப்ப மன்னாரில் மணலுக்கா பஞ்சம்? வேலை முடிந்ததும் உதறிவிட்டு மடித்து வைத்துக்கொள்ளலாம். லென்ஸ் மாற்றுவது மட்டும் வாகனத்துக்குள், யன்னல் எல்லாம் மூடி. அந்த மணல் மிக நைசானது, உள்ளே போனால் வெளியே வராது.

பிற்பகல் தலைமன்னார். பழைய இறங்குதுறை, வெளிச்சவீடு, கரையில் இழுத்து வைத்த வள்ளங்கள், வெயிலில் காயும் கருவாடு. அதற்கு அப்பால் கடலுக்குள் வரிசையாக மணல் தீடைகள். 2015 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட ஆதாம் பாலத் தீடைகள் அவை. ஆலாக்கள் கூட்டம் கூட்டமாக முட்டையிடும் அந்தத் திட்டுகளுக்கு அனுமதி இல்லாமல் போகக்கூடாது, போகவும் தேவையில்லை. கரையிலேயே கண் கொள்ளாத அளவுக்கு இருக்கிறது. நண்டுதின்னிகளைப் பாருங்கள். வெள்ளையும் கறுப்பும், பருத்த கறுத்த அலகு, நீலச் சாம்பல் கால்கள். கரைப்பறவைகளிலேயே மணலுக்குள் வளை தோண்டி முட்டையிட்டு, மணலின் சூட்டையும் அடைகாக்கத் துணையாக்கிக்கொள்ளும் பறவை இது ஒன்றுதான். அதன் கூடுகள் பெரும்பாலும் அரேபியக் கரைகளில். இங்கே நண்டைத் துரத்தி ஓடி, திடீரென்று நின்று, குத்தி எடுக்கும் அந்த வேகத்துக்குக் குறைந்தது நொடியில் 2000 இல் ஒரு பங்கு ஷட்டர் வேண்டும்.

ஆனால் எனக்குத் தலைமன்னார் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஒரு சின்னஞ்சிறு உப்புக்கொத்தி. ஊர்க்குருவியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. மேலே மணல் நிறம், கீழே வெள்ளை, கழுத்தோரம் முழுமையாகாத ஒரு கறுப்புப் பட்டி. 1915 இல் ஹார்ட்டெர்ட், ஜாக்சன் என்ற இரு பறவையியலாளர்கள் இதை விவரித்து எழுதி வைத்தார்கள். ஆனால் நெடுங்காலம் இதை வேறோர் இனத்தின் கிளை என்றே எண்ணியிருந்தார்கள். 2023 இல்தான், மரபணுவையும் உடல் அளவுகளையும் ஆராய்ந்து, சிறகும் அலகும் வாலும் குட்டையான இது தனி இனமேதான் என்று ஓர் ஆய்வுக்குழு நிறுவியது. நம் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சம்பத் செனவிரத்னவும் அந்தக் குழுவில் ஒருவர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் பறவை, கடலின் இரு கரைக்கும் உரியது. அதனால் இதற்கு அவர்கள் சூட்டிய பெயர் அனுமன்! அனுமன் உப்புக்கொத்தி. அந்தப் பெயரை முதலில் வாசித்தபோது மெய்சிலிர்த்தது. இராமர் அணை என்று நம் ஆட்கள் சொல்லும் அந்த மணல் தொடரின் வாசலில் படுத்துக்கொண்டு அதையே படம் எடுப்பதென்றால், சொல்லுங்கள், யாருக்குத்தான் சிலிர்க்காது?

அதை எடுத்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கரை மணலில் அடம்பன் கொடி படர்ந்து கிடந்தது. ஆட்டுக் குளம்பு அடையாளத்தில் பிளந்த இலைகள், அவற்றுக்கு மேல் புனல் வடிவில் ஊதா கலந்த ரோசாப் பூக்கள். இந்தப் பூ காலையில் விரிந்து வெயில் ஏற ஏற வாடிவிடும், ஆகையால் மறுநாள் விடிந்ததும் போனோம். கொடியின் ஒரு பக்கத்தில் நான் படுத்துக்கொண்டேன், நாடி மணலில். லென்ஸுக்கு ஒரு சாண் முன்னால் இரண்டு பூக்கள். கண்ணாடித் துவாரத்தை முழுதாகத் திறந்துவிட்டால் அந்தப் பூக்கள் உருவம் கரைந்து ஊதா மேகமாகிவிடும். அந்த மேகத்துக்கு நடுவே இருக்கும் இடைவெளியில், அப்பால் ஈர மணலில், உப்புக்கொத்தி.

அது ஓடும். நிற்கும். தலையைச் சாய்க்கும். குத்தும். மறுபடி ஓடும். கால்கள் எவ்வளவு விரைவாக மாறுகின்றன என்றால் நிலத்தில் படாமல் வழுக்குகிற மாதிரிதான் தெரியும். நான் அசையவில்லை. அசையாமல் கிடக்கிறவரைப் பறவை கொஞ்ச நேரத்தில் மணல் மேடாகக் கணக்கெடுத்துவிடும். ஓடி ஓடி அது என் பக்கமாகவே வந்தது. கொடியின் ஓரத்துக்கு வந்து, ஓர் அடம்பன் பூவின் நிழலுக்குள் ஏதோ பூச்சியைப் பார்த்து, நிமிர்ந்து, லென்ஸுக்குள் நேரே பார்த்தது. கரிய வட்டக் கண். அதற்குள் வானத்தின் ஒரு புள்ளி வெளிச்சம். மேலே ஊதா, கீழே ஊதா, நடுவில் அந்தக் கண். மருமகன் பக்கத்தில் கிடந்து அதே காட்சியை மெதுவோட்டத்தில் எடுத்துக்கொண்டிருந்தான். பறவை விலகிப் போன பிறகுதான் "மாமி..." என்றான், மேலே பேச்சு வரவில்லை அவனுக்கு. எனக்கும்தான். என் கையில் உள்ள படங்கள் எல்லாவற்றையும் கடலில் போட்டுவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் அந்தப் படத்தைத்தான் வைத்துக்கொள்வேன்.

பங்குனிக்குப் பிறகு போகிறவர்கள் கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள். இவை திறந்த மணலில் முட்டையிடுகிறவை, முட்டையும் மணல் நிறம்தான். தாய்ப்பறவை சிறகு முறிந்த மாதிரி நடித்து இழுத்துக்கொண்டு ஓடினால், கூடு கிட்ட இருக்கிறது என்று பொருள். கமராவை இறக்கிவிட்டு வந்த காலடியிலேயே திரும்பிவிடுங்கள்.

மீன் இறங்கும் கரையில் வள்ளங்களைச் சுற்றி நிற்கும் பெரிய கடற்காகங்களையும் சாதாரணமாக நினைத்துத் தாண்டிப்போக வேண்டாம். ஹியூக்லின் கடற்காகம் என்ற இனம் அவற்றில் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் இவற்றின் முதுகில் ஜிபிஎஸ் கருவி பொருத்திப் பறக்கவிட்டார்கள். மேகா என்று பெயர் வைக்கப்பட்ட ஒரு பெண் பறவை, வடதுருவ வட்டத்துக்கும் அப்பால் ரஷ்யாவின் யமால் தீபகற்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இங்கே கும்பிளா மீன் கழிவுக்குச் சண்டை போடும் பறவைக்கு அங்கே பனி உருகும் துந்திராவில் வீடு! அதை அறிந்த பிறகு கடற்காகத்தை எடுக்கும்போது என் விரல் வேறு மாதிரித்தான் ஷட்டரை அழுத்துகிறது.

தீவின் தென்கரையில் இப்போது காற்றாலைகள் நிற்கின்றன. 2020 டிசம்பரில் இயங்கத் தொடங்கிய தம்பபவனியின் 30 கோபுரங்கள். மின்சாரம் வேண்டும்தான், காற்றில் கிடைக்கும் மின்சாரம் நல்லதுதான். ஆனாலும் இத்தனை பறவைகள் வந்து இறங்கும் வாசலில் இன்னும் இன்னும் கோபுரம் நடுவதை என் மனம் ஏற்கவில்லை. மன்னார் மக்களே இதை எதிர்த்துத் தெருவில் இறங்கி நின்றார்கள். அவர்கள் பக்கம்தான் நான்.

பறவைகளின் பெயர் தெரியாதே என்று தயங்குகிறவர்களுக்குக் கொழும்பிலேயே வழி இருக்கிறது. 1976 இல் தொடங்கிய இலங்கைக் களப் பறவையியல் குழு கொழும்புப் பல்கலைக்கழகத்தில்தான் இயங்குகிறது. வெள்ளவத்தையில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம், கொட்டாஞ்சேனையிலிருந்தும் தூரமில்லை. கொழும்பு நூதனசாலையில் பணிபுரிந்த ஜி. எம். ஹென்றி தாமே வரைந்த ஓவியங்களோடு 1955 இல் வெளியிட்ட பறவை நூல் பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள். கைப்பழக்கத்துக்கு வெள்ளவத்தைக் கடற்கரை போதும். மாலையில் அலைக்கு மேல் ஆலா பறக்கும்போது குறி தப்பாமல் பின்தொடரப் பழகினால் மன்னாரில் கை தானாக வேலை செய்யும்.

எங்களுக்கு அங்கே இன்னும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. மன்னார் நகரத்துக்குக் கிட்ட, பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரம். ஆபிரிக்காவின் மரம், அரபு வணிகர்கள் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். அடிமரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். இதன் பூ பகலில் விரிவதில்லை. உள்ளங்கை நிறையும் வெள்ளைப் பூ, பொழுதுபட்ட பிறகுதான் திறக்கும், வௌவாலுக்காக. மறுநாளே வாடிவிடும். மொட்டிலிருந்து விரிவது வரை டைம்லாப்ஸாக எடுத்து, வௌவால் வரும் நொடியை மெதுவோட்டத்தில் எடுத்து, இரண்டையும் ஒரு படமாகச் சேர்க்க வேண்டும் என்று மருமகனுக்கு ஒரே துடிப்பு. பற்றரிகளும் சின்ன விளக்குகளும் வாங்கியாகிவிட்டது. மரத்துக்குக் கிட்ட இருக்கும் ஓர் அம்மாவிடம் கைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தோம். அவர் மேலே கிளைகளை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மொட்டுக் கண்ட உடன அடிக்கிறன் பிள்ளை. அண்டைக்கே பஸ் ஏறிவிடுங்கோ, வந்து எங்கட வீட்டிலயே தங்கலாம்."